போடப் போட சரியாகிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள்

போன மாதம் அக்கா மகளுக்கு வேலூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்னால் கறுப்பு ஷூ வாங்க வேண்டும், முன்பக்கம் மூடியதாக இருக்க வேண்டும், ஹீல்ஸ் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "சித்தி, நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் ஷூவைப் பத்தித் தெரியும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் இருந்த பெண் நாலாம் நம்பர் எடுத்து வந்து மாட்டிவிட்டார். இவள் உட்கார்ந்தபடியே காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு சித்தி" என்றாள். எழுந்து நில்லு என்றேன். நின்றதும் முகம் லேசாக மாறியது. சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறதாம். "போடப் போட சரியாயிடும்ல?" என்று கடைப் பெண்ணைப் பார்த்தாள். அவரும் "ஆமா, ரெண்டு நாள் போட்டா லூஸ் ஆயிடும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் கால் ஆணியோடும் குதிகால் கொப்புளத்தோடும் நடக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். அதனால் அன்றைக்குக் கடையில் அவளுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். முதலில் தையல் பிரிவில் இருந்தேன், அப்புறம் சாம்பிள் பிரிவுக்கு மாற்றினார்கள். மாற்றியதற்குக் காரணம் என் கால்தான். பெண்கள் ஷூவுக்கு மாதிரி ஜோடியைப் பெரும்பாலும் 37-ஆம் சைஸில்தான் செய்வார்கள், என் காலும் 37. புது டிசைன் வந்தால் முதலில் ஒற்றைக் கால் ஷூ ஒன்றைத் தைத்து, கட்டையில் இழுத்து ஒட்டி எடுத்து, என்னைக் கூப்பிடுவார்கள். கட்டை என்று நான் சொல்வது லாஸ்டை. கால் வடிவத்தில் இருக்கும், இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் வருகிறது, ஷூவின் உள்ளளவு முழுவதும் அதுதான். நான் போட்டு நிற்பேன், நடப்பேன், மாடிப்படி ஏறி இறங்குவேன். டெக்னீஷியன் குதிகாலில் ஆரம்பித்து விரல்நுனி வரைக்கும் கையால் தடவித் தடவிக் கேட்பார், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். ஜாயிண்ட் டைட் (பாதத்தின் அகலமான இடத்தில் பிடிக்கிறது), ஹீல் ஸ்லிப் (குதிகால் கழல்கிறது), டாப்லைன் இடைவெளி (மேல் விளிம்பு காலை ஒட்டவில்லை). அடுத்த மாதிரியில் அதைத் திருத்திக்கொண்டு வருவார்கள். ஒரு டிசைனுக்கு மூன்று நாலு முறைகூட நடக்கும். அங்கே ஒரு நாளும் யாரும் என்னிடம் "போடப் போட சரியாயிடும்" என்று சொன்னதில்லை. ஷூவைத்தான் திருத்தினார்களே தவிர, என் காலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்குகிற கடையில் மட்டும் ஏன் கால் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

சரி, போடப் போட ஏன் சரியாகாது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கொஞ்சம் சரியாகிற ஷூவும் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கையே வந்தது. நல்ல தோல் ஷூ என்றால் அகலத்தில் கொஞ்சம் இளகும். நீளத்தில் இளகாது. ரெக்சின், சிந்தெடிக் என்றால் அந்தக் கொஞ்சமும் இல்லை. இன்னொன்று, ஷூவின் முன்முனையிலும் குதிகாலின் பின்னாலும் மேல்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் கெட்டியான ஒரு துண்டை வைத்து ஒட்டியிருப்பார்கள், ஷூ வடிவம் குலையாமல் நிற்பதற்காக. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அந்த இரண்டு இடமும் விறைப்பாக இருக்கும். ஷூ கடிக்கிற இடங்கள் எவை? விரல்நுனி, சுண்டுவிரல், குதிகாலின் பின்பக்கம். எந்த இடம் இளகவே கூடாது என்று நாங்கள் கெட்டியாகச் செய்து அனுப்புகிறோமோ அதே இடத்தில்தான் கடி. ரெண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோமே, பெரும்பாலும் அங்கே தோல் தடித்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது பார்க்கிற முறை. சாயங்காலம் போங்கள். காலையில் இருக்கிற கால் சாயங்காலம் இருப்பதில்லை, நின்று நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. இரண்டு காலுக்கும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும், சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெத்தை வைத்துச் சமாளிக்கலாம், பெரிய காலை வெட்டிச் சமாளிக்க முடியாது. எந்த சாக்ஸோடு போடப் போகிறீர்களோ அதைக் கையோடு கொண்டு போங்கள். கடையில் தருகிற மெல்லிய நைலான் சாக்ஸில் பொருந்துவது வீட்டில் இருக்கிற பருத்தி சாக்ஸில் பொருந்தாது.

நிற்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. நிற்கும்போது உடம்பு எடை இறங்கி உள்ளங்கால் குழி கொஞ்சம் தாழும், பாதம் நீளும், அகலும். உட்கார்ந்து பார்ப்பது எடையில்லாத காலுக்குப் பார்ப்பது மாதிரி.

நின்றதும் எல்லோரும் செய்வது முன்முனையை அழுத்திப் பார்ப்பது. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது கால் முன்னால் போய்வர அந்த இடம் தேவை. ஆனால் மிக நீளமான விரல் எது என்று முதலில் பாருங்கள். நிறையப் பேருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். என் அக்கா மகளுக்கும் அப்படித்தான். கடைப் பெண் பெருவிரலை அழுத்திப் பார்த்து "இடம் இருக்கு" என்றார், இரண்டாவது விரல் அங்கே மடங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படி மடங்கியே வருடக்கணக்கில் இருந்தால் விரல் சுத்தியல் மாதிரி வளைந்து அப்படியே நின்றுவிடும்.

கூர்மையான முனை உள்ள ஷூ என்றால் அந்தக் கூர்மைப் பகுதியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது அழகுக்கு நீட்டியது. விரல்கள் ஷூ குறுக ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். உள்ளே பத்து விரலையும் பியானோ வாசிக்கிற மாதிரி அசைக்க முடிகிறதா பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், இதைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை. பெருவிரல் பாதத்தோடு சேருகிற இடத்தில் ஒரு மூட்டு துருத்திக்கொண்டு இருக்கும், அதிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரைக்கும் ஒரு கோடு போட்டால் அதுதான் பாதத்தின் மிக அகலமான இடம், நடக்கும்போது பாதம் மடங்குகிற இடமும் அதுதான். நாங்கள் ஜாயிண்ட் என்போம். ஷூவுக்கும் ஒரு ஜாயிண்ட் உண்டு, அதன் மிக அகலமான இடம், சோல் மடங்குகிற இடம். இந்த இரண்டும் ஒரே இடத்தில் வர வேண்டும். விரல்நுனியில் எவ்வளவு இடம் என்பது அதற்கு அப்புறம்தான். இரண்டு பெண்களுக்கும் பாதம் 24 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு விரல்கள் நீளம், மற்றவளுக்குக் குட்டை. நீள விரல்காரிக்கு ஜாயிண்ட் பின்னால் இருக்கும், குட்டை விரல்காரிக்கு முன்னால் இருக்கும். நம்பர் ஒன்றேதான், ஒரே ஷூ இருவருக்கும் பொருந்தாது.

இதை அளக்க ஒரு கருவியே உண்டு. அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரத்தில் செருப்புக் கடைக்காரர் மகன் சார்லஸ் பிரான்னாக் என்பவர் 1920-களில் செய்தது, இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். உலோகத் தட்டு, அதில் காலை வைத்து நின்றால் குதிகாலிலிருந்து விரல்நுனி வரை ஓர் அளவு, குதிகாலிலிருந்து ஜாயிண்ட் வரை இன்னொரு அளவு, அகலம் தனியாக ஓர் அளவு. நூறு வருடத்துக்கு முன்னாலேயே மூன்று அளவு வேண்டும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கடைகளில் இன்றும் ஒரே அளவு, அதுவும் நாம் வாயால் சொல்லும் நம்பர்.

கருவி இல்லாவிட்டால் என்ன, ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள். ஷூ எங்கே மடங்குகிறது? உங்கள் விரல் மடங்குகிற கோட்டிலேயே மடங்கினால் நல்லது. அதற்கு முன்னால் மடங்கி விரல்களின் மேல் மடிப்பு அழுத்தினால் அந்த ஷூ உங்களுக்கு நீளம். ஷூவைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்து வளைத்தும் பாருங்கள், முன்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி மடங்க வேண்டும், நட்ட நடுவில் காகிதம் மாதிரி மடிந்தால் அது உள்ளங்காலைத் தாங்காது, எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

நம் பெண்கள் செய்கிற பெரிய தவறு இந்த ஜாயிண்டில்தான் இருக்கிறது. அகலம் போதவில்லை என்றால் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம். ஷூவில் எழுதியிருக்கும் நம்பர் நீளத்தைத்தான் சொல்கிறது. பெரிய நம்பரில் அகலம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் அதோடு ஜாயிண்ட் முன்னால் போய்விடும், குதிகால் தளரும், கால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் வழுக்கி மறுபடியும் விரல்நுனியில்தான் போய் முட்டும். இறுக்கத்துக்குப் பயந்து பெரிதாக வாங்கி, அதே இடத்தில் அதே கடி. இங்கிலாந்தில் ஒரே நம்பரில் அகலத்துக்குத் தனித்தனி எழுத்து உண்டு, பெண்களுக்கு டி என்றால் சாதாரணம், ஈ என்றால் அகலம், ஈஈ என்றால் இன்னும் அகலம். ஏற்றுமதிக்கு இந்த எழுத்தைப் பெட்டி பெட்டியாக அச்சடித்து அனுப்பியிருக்கிறோம். நம் ஊர்க் கடையில் ஒரு பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

இதில் எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம் உண்டு. கம்பெனியில் நாங்கள் இழுத்து ஒட்டிய கட்டைகள் ஐரோப்பியக் காலுக்கானவை, அங்கே போகிற சரக்குக்கு அது சரி. ஆனால் நம் காலுக்கு விற்கிற ஷூவும் அந்த இங்கிலீஷ், ஐரோப்பிய அளவு முறையில்தான் வருகிறது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரியவந்தது. அதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியக் காலுக்கென்று ஓர் அளவு முறையையும் முன்வைத்திருக்கிறார்கள். பாரதத்தின் முதல் எழுத்து. அந்த எழுத்து அச்சடித்த ஷூப் பெட்டியைக் கடையில் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஷூ பொருந்தவில்லை என்றால் "என் கால்தான் கோணல், என் கால் வாத்துக்கால்" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோமே, அதை விடுங்கள். கால் சரியாகத்தான் இருக்கிறது.

அகலம் பார்க்க, நின்றுகொண்டே ஜாயிண்ட் பக்கம் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கொஞ்சமே கொஞ்சம் கிள்ள வர வேண்டும். கிள்ளவே வராமல் விறைத்திருந்தால் இறுக்கம், கைப்பிடியாக மடிப்பு வந்தால் தொளதொளப்பு. சோலின் ஓரத்தைத் தாண்டிப் பாதம் பிதுங்குகிறதா என்று மேலிருந்து பாருங்கள். உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்ற முடிகிற ஷூ என்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் மெத்தையை விட்டு வெளியே வழிந்தால், மேல்தோல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அந்த ஷூ உங்களுடையது இல்லை. லேஸ் ஷூவில் இன்னொரு அடையாளம், கட்டியதும் இரண்டு பக்கத் துளை வரிசையும் ஒன்றோடொன்று முட்டினால் ஷூ உங்களுக்கு அகலம், ரொம்ப விலகி நின்றால் குறுகல்.

குதிகால். நடக்கும்போது லேசாக எழும்பினால் பரவாயில்லை, புது சோல் இன்னும் வளைந்து கொடுக்காததால் அது நடக்கும். ஒவ்வோர் அடிக்கும் கழன்று விழுவது போல் வந்தால் வேண்டாம். கட் ஷூ, பெல்லி மாதிரி ஷூக்களில் மேல் விளிம்பு நிற்கும்போது காலை ஒட்டியிருக்கும், ஓர் அடி எடுத்து வைத்ததும் பக்கவாட்டில் வாயைப் பிளக்கும். அதையும் கூட வந்தவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே குனிந்தால் தெரியாது. கணுக்கால் எலும்பில் விளிம்பு உரசுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விஷயம் பாதிதான். சாம்பிள் பிரிவில் ஷூ போடும்போது மெட்டியைக் கழற்றச் சொல்வார்கள், ஐரோப்பாவில் அதை வாங்கப் போகிற பெண்கள் மெட்டி போடுவதில்லையே. கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போட்டுப் பார்ப்பேன். அப்படிப் போட்டு "நல்லா இருக்கு" என்று நானே சொன்ன ஷூவை ஒரு நாள் மெட்டியோடு போட்டுப் பார்த்தேன், இரண்டாவது விரலின் இரண்டு பக்கமும் அழுத்தி, மேலே தோலில் இடித்து, பத்து நிமிடம் தாங்கவில்லை. நீளம் சரி, ஜாயிண்ட் சரி, விரலுக்கு மேலே உயரமும் பக்கத்தில் இடமும்தான் போதவில்லை. மெட்டி போடுகிறவர்கள் மெட்டியோடுதான் ஷூ போட்டுப் பார்க்க வேண்டும், கூச்சப்பட்டோ அவசரத்திலோ கழற்றிவிட்டுப் பார்க்கக் கூடாது. முன்முனை வட்டமாகவும் உயரமாகவும் இருக்கிற ஷூ வேண்டும். தினமும் மூடிய ஷூ போடுகிற வேலை என்றால் முத்து, பூ வேலைப்பாடு இல்லாத தட்டையான மெல்லிய கம்பி மெட்டியாக மாற்றிக்கொள்வது நல்லது. விரலிடுக்கில் ஈரம் நின்று புண்ணாகி, மெட்டியைக் கழற்றவும் மனசில்லாமல் அப்படியே வேலைக்கு வந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம்மில் பெரும்பாலானோர் நாள் முழுக்கப் போடுவது ஷூ இல்லை, செருப்புதான். அதற்கும் அளவு உண்டு. குதிகால் பின்னால் தொங்கக் கூடாது, விரல்நுனி முன்னால் எட்டிப் பார்க்கக் கூடாது, சுற்றிலும் அரை சென்டிமீட்டர் அடித்தட்டு தெரிய வேண்டும். பெருவிரலுக்கு வளையம் வைத்த செருப்பு என்றால் வளையம் விரலின் அடிவரைக்கும் போக வேண்டும், பாதி விரலில் நின்றால் நடக்கும்போது விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பீர்கள். செருப்பு கழன்றுவிடாமல் விரலால் கவ்வி நடக்கிறீர்கள் என்றால் அது பொருந்தவில்லை என்று அர்த்தம், சாயங்காலம் கெண்டைக்கால் வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பின்வார் இருக்கிற செருப்பு எப்போதும் மேல்.

ஹீல்ஸ் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. உயரம் கூடக்கூட எடை முன்பாதத்துக்குப் போகும், கால் முன்னால் சரியும். தட்டையான ஷூவில் சரியாக இருக்கும் நம்பர் ஹீல்ஸில் குதிகால் பின்னால் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் ஒரு விரல் தாராளமாகப் போனால் வேண்டாம். கல்யாணத்துக்குப் புடவை உயரம் பார்த்து வாங்குகிறோம், அன்று முழுநாளும் நிற்கப்போவதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. எப்போது செருப்பு வாங்கப் போனாலும் இறுக்கமானதாகத்தான் எடுப்பார். பெரியது கொடுத்தால் "இது போட்ட மாதிரியே இல்லடி, இறுக்கமா இருந்தாத்தான் போட்ட மாதிரி இருக்கு" என்பார். ஷூ கம்பெனியில் கால் அளவு சொல்லிச் சம்பளம் வாங்கிய எனக்கு அது என்ன என்று புரியவில்லை. ஒரு நாள் சாக்ஸில் ரத்தக் கறை. சுண்டுவிரல் ஓரத்தில் புண், எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டர் ஒரு நைலான் இழையை வைத்து உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார். தொட்டதே தெரியவில்லை. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சாதாரண ஷூ போட்டதாகவே தோன்றாது, நெருக்கினால்தான் ஏதோ இருப்பது தெரியும், அதனால்தான் இறுக்கமாகக் கேட்டிருக்கிறார். புண் ஆற இரண்டு மாதம் ஆனது.

அதனால் சர்க்கரை இருக்கிற அம்மாவுக்கோ மாமியாருக்கோ செருப்பு வாங்கும்போது "எப்படி இருக்கு?" என்ற கேள்வியை மட்டும் நம்பாதீர்கள். காலைக் காகிதத்தில் வரைந்து, கத்தரித்து, அந்தத் துண்டைச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். வாங்கிய முதல் நாள் அரை மணி நேரம் வீட்டுக்குள் போடச் சொல்லி, கழற்றி உங்கள் கையால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதனால் வார் பதிந்த தடம் இருக்கிறதா, ஓர் இடம் மட்டும் சூடாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மென்மையான ரப்பர் வைத்துச் செய்தது கிடைக்கும், அம்மா இப்போது அதைத்தான் போடுகிறார், அதிலும் பின்வார் வைத்தது.

கர்ப்ப காலத்தில் சிலருக்குப் பாதம் நீண்டு, பிள்ளை பிறந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. வயது ஏற ஏறவும் பாதம் அகலும். கல்லூரியில் வாங்கிய நம்பரையே நாற்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், வருடத்துக்கு ஒரு தடவையாவது அளந்துவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். அந்த அடையாறு ஆய்வில் பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதையொட்டி உச்சத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள், பையன்களுக்கு அது 15, 16 வயதில். ஆறாம் வகுப்பு ஜூனில் வாங்கிய ஷூ டிசம்பரில் சின்னதாகிவிட்டது என்று பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள், உண்மையாகத்தான் சொல்லும்.

வீட்டில் அளப்பது சுலபம். சாயங்காலம், தரையில் காகிதம், காகிதத்தின் ஓரம் சுவரை ஒட்டி, குதிகால் சுவரில் பட நிற்க வேண்டும், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறு யாராவது வரைய வேண்டும். நாமே குனிந்து வரைந்தால் கால் அளவு மாறிவிடும். குதிகாலிலிருந்து நீள விரல் வரை அளந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய நம்பர் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் கணக்கு, அதனால் 37 என்றால் உள்ளே கட்டையின் நீளம் சுமார் 24.7. அதில் விரல் முன்னால் விட வேண்டிய ஒரு சென்டிமீட்டர் சொச்சத்தைக் கழித்தால் 23.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு 37, நம் கடை வழக்கில் நாலாம் நம்பர். 24-ஐத் தாண்டினால் 38, அதாவது அஞ்சு. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக் கட்டையும் ஒவ்வொரு மாதிரி, இதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் சென்டிமீட்டர் பட்டியல் பார்த்து வாங்கி, வந்ததும் செய்தித்தாள் விரித்து அதன்மேல் நடந்து பாருங்கள், சோல் அழுக்காகாமல் இருந்தால்தான் திருப்பி எடுப்பார்கள்.

அன்றைக்குக் கடைக்குத் திரும்புகிறேன். அக்கா மகள் ஏழு ஜோடி போட்டுப் பார்த்தாள். கம்பளம் விரித்த இடத்தில் வேண்டாம், அது எந்த ஷூவையும் மெத்தென்று காட்டும் என்று வாசல் பக்கம் வெறும் தரையில் நடக்கச் சொன்னேன், படியில் இறங்கச் சொன்னேன். லேடீஸ் பிரிவில் நீளம் சரியாக இருந்த எல்லாமே ஜாயிண்டில் பிடித்தன. கடைசியில் ஆண்கள் பிரிவில் கறுப்பு லேஸ் ஷூ ஒன்று, அஞ்சாம் நம்பர். நம் ஊர் யூகே நம்பரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நீளக் கணக்கு ஒன்றுதான், ஆண்கள் கட்டை மட்டும் அகலம். குதிகால் கொஞ்சம் தளர்ந்தது, லேஸை மேல் துளையில் குறுக்கே மாட்டி இறுக்கியதும் நின்றுவிட்டது. மெத்தையைக் கழற்றி அதன்மேல் நிற்க வைத்துப் பார்த்தேன், பாதம் அதற்குள் அடங்கி நின்றது. "இது ஜென்ட்ஸ் ஷூன்னு யாராவது சொல்வாங்களா சித்தி?" என்று கேட்டாள். எட்டு மணி நேரம் வார்டில் நிற்கப்போவது உன் கால்தானே என்றேன். வாங்கினாள்.

பில் போடும்போது கடைப் பெண் மெதுவாகக் கேட்டார், "அக்கா, எனக்கும் இந்தச் சுண்டுவிரல்ல ஆணி இருக்கு, அதுவும் இதனாலதானா?" 2021-இல் கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தினார்கள். அவருக்குப் பின்னால் ஸ்டூலும் இருந்தது, அதன்மேல் ஷூப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டிகளை நகர்த்திவிட்டு உட்காரச் சொன்னேன், கழற்றிக் காட்டினார். அப்புறம் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைச் சுவரோரம் விரித்து நிற்க வைத்து, பில் போடும் பேனாவாலேயே வரைந்தேன். இடது 23.6, வலது 24.2. அவர் போட்டிருந்தது நாலாம் நம்பர், முனை கூர்மையான பெல்லி. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.